உண்மைச் சந்தோஷமா, ஒப்புக்குச் சந்தோஷமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் டாக்டர் இல்லை. ஒரு பெரிய ஜவுளிக்கடையில் ஆறு வருடம் பட்டுப்புடவைப் பிரிவில் நின்றவன், அந்த வேலையில் இருந்துகொண்டே அஞ்சல்வழியில் உளவியல் படித்தவன். காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பதரை வரை சிரித்த முகமாக நிற்க வேண்டிய வேலை அது, அதனால் பாடத்தில் சிரிப்பு, சந்தோஷம் என்று வந்த பகுதியை மட்டும் தூங்காமல் படித்தேன். அதற்கப்புறம் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகளைத்தான் இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன்.

போலிச் சந்தோஷம் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் நாம் அந்தப் பெயரில் சம்பந்தமில்லாத பல சங்கதிகளை ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். உள்ளே ஒன்றுமே இல்லாமல் முகத்தில் மட்டும் காட்டுவதையும் போலி என்கிறோம். கேட்டது கிடைக்காதபோது மனம் தானாகத் தேற்றிக்கொண்டு, கிடைத்ததைப் பிடித்துப்போகச் செய்வதையும் போலி என்கிறோம். குடி, ரீல்ஸ், லைக் என்று வெளியிலிருந்து ஊற்றிக்கொள்வதற்கும் அதே பெயர்தான். இதில் பொய் இருப்பது முதலாவதில் மட்டும், அதுவும் முகத்தில். இரண்டாவதில் வருகிற நிம்மதி நிஜமானது, அதைக் கேவலமாகப் பார்க்கத் தேவையே இல்லை. மூன்றாவதில் பல சமயம் சந்தோஷமே இருப்பதில்லை, வெறும் வேட்கைதான் இருக்கிறது. இதுதான் என் கட்சி. ஒத்துக்கொள்ளாதவர்களும் மேலே படிக்கலாம்.

பொய்ச்சிரிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதை முதலில் ஒழுங்காக ஆராய்ந்தவர் பிரான்ஸ் நாட்டு நரம்பியல் மருத்துவர் துஷேன். பாரிஸ் மருத்துவமனைகளில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த அவருக்கு, முகத்தின் ஒவ்வொரு தசையையும் தனித்தனியாக மின்சாரத்தால் தூண்டினால் எந்த உணர்ச்சி தெரியும் என்று பார்க்க ஆசை. அவருக்குக் கிடைத்த ஆள் பல் விழுந்த ஒரு கிழவர். அவருக்கு முகத்தில் தொடு உணர்வு மரத்துப்போயிருந்ததால் மின்சாரம் வலிக்காது. அந்தக் கிழவரின் முகத்தில் மின்முனைகளை வைத்து, கோபம், பயம், சிரிப்பு என்று வரவழைத்துப் படமெடுத்து 1862-ல் புத்தகமாக வெளியிட்டார். புகைப்படமே புதிதாக இருந்த காலம் அது.

அவர் கண்டது இதுதான். சிரிக்கும்போது இரண்டு தசைகள் வேலை செய்கின்றன. கன்னத்தில் ஓடும் தசை உதட்டோரத்தை மேலே இழுக்கிறது. கண்ணைச் சுற்றி வளையமாக இருக்கும் தசை கன்னத்தைத் தூக்கி, கண்ணைக் கொஞ்சம் இடுக்கி, ஓரத்தில் சுருக்கம் விழவைக்கிறது. கன்னத்துத் தசை நாம் சொன்னபடி கேட்கும், கண் தசையை உள்ளுக்குள் எழும் மகிழ்ச்சி மட்டுமே அசைக்கும் என்று துஷேன் எழுதினார்.

டார்வினுக்கு அந்தப் படங்கள் மிகவும் பிடித்துப்போய், 1872-ல் வெளியான தன் புத்தகத்தில் அவற்றைச் சேர்த்துக்கொண்டார். அதோடு விடாமல், மின்சாரத்தால் வரவழைத்த அந்தச் சிரிப்பை 24 பேரிடம் காட்டி இது என்ன என்று கேட்டுப் பார்த்தார். மூன்று பேருக்கு ஒன்றும் புரியவில்லை. மற்றவர்கள் ஏதோ சிரிப்பு மாதிரி இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல் "விஷமத்தனம்", "சிரிக்கப் பார்க்கிறார்", "இளிக்கிறார்" என்ற ரீதியில் சொன்னார்கள். அதே கிழவர் இயல்பாகச் சிரித்த படத்தில் யாருக்கும் குழப்பமில்லை. இதற்கெல்லாம் உளவியல் படித்திருக்க வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் நாற்பது அடி தூரத்திலிருந்தே "மாப்பிள்ளை வீட்டுக்காரர் முகம் சரியில்லையே" என்று சொல்லும் நம் அத்தைகளுக்கு இதை யாரும் சொல்லித்தந்ததில்லை.

பின்னாளில் அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன் கண்ணும் சேர்ந்த சிரிப்புக்கு 'துஷேன் சிரிப்பு' என்றே பெயர் வைத்துவிட்டார்.

அப்படியானால் கண்ணோரச் சுருக்கத்தைப் பார்த்தால் போதுமா?

போதாது. வாட்ஸாப்பில் சுற்றும் 'பொய்யரைக் கண்டுபிடிக்கும் வழி' செய்திகள் இங்கேதான் சறுக்குகின்றன. பின்னால் வந்த ஆய்வுகளில், கண் தசையையும் வேண்டுமென்றே இயக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று தெரியவந்தது. தவிர, வாயை அகலமாக இழுத்துச் சிரித்தாலே கன்னம் ஏறிக் கண் தானாகச் சுருங்கும், உள்ளே சந்தோஷம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆக அந்தச் சுருக்கம் ஒரு துப்பு, அவ்வளவுதான், அதை வைத்து மருமகளுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். சுருக்கத்தை விட நேரம் அதிகம் காட்டிக்கொடுக்கும் என்பது என் கடை அனுபவம். நிஜச் சிரிப்பு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். நாங்கள் வாடிக்கையாளருக்குக் காட்டிய சிரிப்பு ஸ்விட்ச் போட்டதுபோல வந்து, அவர் திரும்பியதும் ஸ்விட்ச் அணைத்ததுபோலப் போய்விடும்.

மூளையிலேயே இரண்டு சிரிப்புக்கும் தனித்தனி வழி என்கிறார்களே, அது சரியா?

சரிதான், எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த விஷயமும் இதுதான். பக்கவாதம் வந்து முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்த சிலரிடம் "பல்லைக் காட்டுங்கள்" என்று டாக்டர் சொன்னால் ஒரு பக்கம்தான் அசையும், வாய் கோணும். அவரே பேரன் அடித்த கூத்தைப் பார்த்துச் சிரிக்கும்போது இரண்டு பக்கமும் சமமாக விரியும். நாமாக முயன்று சிரிக்கும்போது கட்டளை மூளையின் மேற்பரப்பிலுள்ள இயக்கப் பகுதியிலிருந்து கிளம்புகிறது. அந்தப் பாதைதான் அவருக்கு அடிபட்டிருக்கிறது. தானாக வரும் சிரிப்பு அதைவிட ஆழத்திலுள்ள வேறு வழியாக வருகிறது. பார்க்கின்சன் நோயில் இது பெரும்பாலும் தலைகீழ்: சொன்னால் சிரிக்க முடியும், ஆனால் தானாக வர வேண்டிய சிரிப்பு முகத்துக்கு வந்து சேருவதில்லை. உள்ளே சந்தோஷமாக இருந்தும் முகம் மரப்பொம்மை மாதிரி இருப்பதால் "தாத்தாவுக்கு எதிலும் பிடிப்பில்லை" என்று வீட்டில் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். முகத்தை வைத்து மனதை எடை போடுவதில் இருக்கும் ஆபத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

குழந்தைகள் எந்த வயதில் பொய்யாகச் சிரிக்கப் பழகுகிறார்கள்?

மூன்று, நான்கு வயதிலேயே. பிடிக்காத பரிசைக் கொடுத்துவிட்டுக் குழந்தைகளின் முகத்தைக் கவனித்த ஆய்வு 1986-ல் வந்தது. கொடுத்தவர் எதிரில் இருக்கும்போது அந்த வயதுப் பெண்குழந்தைகள் சிரித்தார்கள், அவர் போனதும் முகம் தொங்கிவிட்டது. இதைப் போலித்தனம் என்று சொல்ல எனக்கு மனமில்லை, இங்கிதம் என்றுதான் சொல்வேன்.

சும்மாவாவது சிரித்தால் மனமும் சந்தோஷமாகிவிடுமா?

கொஞ்சம். ரொம்பக் கொஞ்சம்.

இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1988-ல் ஜெர்மன் உளவியலாளர் ஃபிரிட்ஸ் ஷ்ட்ராக்கும் அவர் குழுவும், சிரிப்பு என்ற பேச்சையே எடுக்காமல் சிலரைப் பேனாவைப் பல்லால் கடித்துக்கொண்டிருக்கவும் (அப்போது முகம் சிரிப்பதுபோல விரியும்), சிலரை உதட்டால் கவ்விக்கொண்டிருக்கவும் (அப்போது முகம் சுருங்கும்) சொல்லி, கார்ட்டூன்களைக் காட்டினார்கள். பல்லால் கடித்தவர்களுக்குக் கார்ட்டூன் கூடுதல் வேடிக்கையாக இருந்தது. உடனே உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது. 2016-ல் 17 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தன, அந்த விளைவு கிடைக்கவில்லை. ஷ்ட்ராக்குக்கு 2019-ல் கிண்டல் பரிசான இக் நோபல் கூடக் கிடைத்தது: பேனாவைக் கடித்தால் சந்தோஷம் வரும் என்று கண்டுபிடித்ததற்கும், அப்புறம் வராது என்று கண்டுபிடித்ததற்கும் சேர்த்து. மனிதர் போய் வாங்கிக்கொண்டார்.

அதோடு முடியவில்லை. 2022-ல் 19 நாடுகளில் 3,878 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், சிரிக்கும் படத்தைப் பார்த்து அதேபோல முகத்தை வைத்துக்கொண்டவர்களுக்கும், உதட்டோரத்தைக் காது பக்கம் இழுத்துக்கொண்டவர்களுக்கும் மனநிலை லேசாக உயர்ந்தது. பேனா விஷயத்தில் மட்டும் தெளிவான பதில் வரவில்லை. ஆக, முகத்திலிருந்து மனதுக்கு ஒரு வழி இருக்கிறது, ஆனால் அது ஒற்றையடிப்பாதை. கடன் தொல்லையில் இருப்பவரிடம் போய் "சிரிங்க, சரியாகிவிடும்" என்று சொல்ல அந்த ஆய்வு உங்களுக்கு அனுமதி தரவில்லை.

பூங்காவில் காலையில் கைதட்டி "ஹா ஹா" என்று சிரிக்கிறார்களே, அதில் ஏதாவது இருக்கிறதா?

சிரிப்பு மன்றங்களை ஆரம்பித்தவர் மும்பை மருத்துவர் மதன் கட்டாரியா. 1995 மார்ச்சில் ஒரு பூங்காவில் ஐந்து பேரோடு தொடங்கினார். முதலில் ஜோக் சொல்லித்தான் சிரித்தார்கள், சில நாளில் நல்ல ஜோக் தீர்ந்துபோய், மனம் புண்படுகிற ஜோக்குகள் வர ஆரம்பித்ததும், ஜோக்கே இல்லாமல் சிரிப்பது என்று மாற்றினார்.

நான் முதலில் கேலி செய்தவன்தான். அப்புறம் ராபர்ட் புரோவைன் என்ற அமெரிக்க ஆய்வாளரின் வேலையைப் படித்தேன். அவர் கடைத்தெருவிலும் கல்லூரியிலும் மக்கள் சிரித்த 1,200 தருணங்களைக் குறித்து வைத்துப் பார்த்ததில், ஜோக் என்று சொல்லத் தகுந்த பேச்சுக்குப் பின்னால் வந்த சிரிப்பு ஐந்தில் ஒன்றுகூட இல்லை. மீதியெல்லாம் "சரி, அப்ப பார்க்கலாம்" மாதிரி சாதாரணப் பேச்சு. தனியாக இருப்பதைவிட நாலு பேரோடு இருக்கும்போது சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்றும் அவர் கண்டார். அப்படிப் பார்த்தால் பூங்காவில் வேலை செய்வது "ஹா ஹா" இல்லை, பக்கத்தில் நிற்கும் ஆள். ரிட்டையர் ஆன ஒருவர் காலை ஆறு மணிக்குப் பத்துப் பேர் முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் காபி குடித்துவிட்டு வருகிறார் என்றால் அந்தச் சந்தோஷத்தில் எனக்கு ஒரு போலியும் தெரியவில்லை.

வேலையில் நாள் முழுக்கச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் யாரிடமும் பேசக்கூடப் பிடிக்கவில்லை. எனக்கு ஏதாவது பிரச்சினையா?

உங்களுக்கு இல்லை. வேலைக்குத்தான்.

இதற்கு 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயர். அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட் 1983-ல் விமானப் பணிப்பெண்களை வைத்து இதை விரிவாக எழுதினார். தொந்தரவு செய்யும் பயணியைப் பார்த்தால் எரிச்சல் வராமலிருக்க, விமானத்தை உங்கள் வீட்டுக் கூடம் என்றும் அவரை வீட்டுக்கு வந்த விருந்தாளி என்றும் நினைத்துக்கொள்ளுங்கள் என்று பயிற்சியில் சொல்லித்தந்தார்கள். அதே ஆய்வில் அவர் கடன் வசூலிப்பவர்களையும் பார்த்தார் என்பது பலருக்குத் தெரியாது. அவர்களுக்கு எதிர்மாறான பயிற்சி, பாவம் என்று தோன்றினாலும் கறாராகப் பேச வேண்டும். இரண்டு பேரும் விற்பது ஒரே சரக்குதான்.

ஹோக்ஷீல்ட் இதில் இரண்டு வகை சொன்னார். முகத்தை மட்டும் மாற்றிக்கொள்வது ஒன்று, உள்ளே தோன்றுவதையே மாற்றிக்கொள்ள முயல்வது இன்னொன்று. பின்னால் வந்த ஆய்வுகளை மொத்தமாகப் பார்த்தால், முகத்தை மட்டும் மாற்றுகிறவர்களுக்குத்தான் களைப்பும் வேலையில் வெறுப்பும் அதிகம். உணர்ச்சியை வெளியே தெரியாமல் அமுக்கினால் அது உள்ளே குறைவதில்லை, உடம்புதான் கூடுதலாகப் பதற்றப்படுகிறது என்று ஜேம்ஸ் கிராஸ் என்பவரின் ஆய்வுகளும் சொல்கின்றன.

என் கடையில் ஒரு அக்கா இருந்தார், எண்பது புடவை விரித்தும் ஒன்றும் வாங்காமல் எழுந்து போகிறவர்களிடம்கூட முகம் மாறாது. எப்படி என்று கேட்டேன். "அவங்க புடவையா பார்க்க வந்தாங்க? மூணு மணி நேரம் வீட்டை விட்டு வந்து ஏசியில உட்கார்ந்திருக்காங்க, உட்காரட்டுமே" என்றார். எனக்கு அது வராது, நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கும் ரகம். இரவு வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்ட நாட்கள் உண்டு, அம்மாவிடம் எரிந்து விழுந்த நாட்களும் உண்டு. ஆனால் அந்த அக்காவின் வழியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை ஹோக்ஷீல்டே எச்சரித்திருக்கிறார்: வருடக்கணக்கில் உணர்ச்சியை வேலைக்காக வளைத்தால், எது என்னுடையது, எது கடையினுடையது என்று தெரியாமல் போய்விடலாம்.

தமிழ்நாட்டில் 2021-ல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். காலுக்கு ஓய்வு கிடைத்தது. முகத்துக்கு எந்தச் சட்டத்தில் ஓய்வு எழுதுவது என்று தெரியவில்லை. குறைந்தபட்சம் மதியச் சாப்பாட்டு நேரத்திலாவது யாரும் பார்க்காத இடத்தில் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ள விடுங்கள், வீட்டுக்கு வந்ததும் அரைமணி நேரம் பேச்சுக் கொடுக்காதீர்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

"எல்லாம் நன்மைக்கே" என்று தேற்றிக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதுதானே?

'சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்' என்ற நரியைக் கேலி செய்தே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நரி செய்ததை ஹார்வர்டு உளவியலாளர் டேனியல் கில்பர்ட் மனதின் நோய் எதிர்ப்புச் சக்தி என்கிறார். கேட்டது கிடைத்தால் வருவது ஒரு சந்தோஷம், கிடைக்காதபோது மனம் தானே செய்துகொள்வது இன்னொன்று, இரண்டாவது தரத்தில் மட்டம் என்று நாம் நினைப்பது தப்பு என்பது அவர் வாதம்.

அவரும் ஜேன் எபர்ட்டும் 2002-ல் வெளியிட்ட சோதனை ஒன்று. ஹார்வர்டு மாணவர்களுக்குப் புகைப்பட வகுப்பு நடத்தி, தாங்கள் எடுத்ததில் பிடித்த இரண்டைப் பெரிதாக அச்சிடச் செய்தார்கள். கடைசியில், ஒன்றை நீ எடுத்துக்கொள், ஒன்றை எங்களிடம் கொடு என்றார்கள். ஒரு குழுவுக்கு, மனம் மாறினால் சில நாட்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். இன்னொரு குழுவுக்கு, கொடுத்தது கொடுத்ததுதான். யாருக்குத் தங்கள் படம் அதிகம் பிடித்தது தெரியுமா? மாற்ற முடியாதவர்களுக்கு. மாற்ற முடிந்தவர்கள் 'அதை எடுத்திருக்கலாமோ' என்று யோசித்துக்கொண்டே இருந்ததில் கையில் இருந்தது பிடிக்காமல் போயிற்று. ஆனால் முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலோர் மாற்றிக்கொள்ளும் வசதிதான் வேண்டும் என்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் இதை நான் தினமும் கவுண்டரில் பார்த்திருக்கிறேன். பில்லின் அடியில் 'விற்ற பொருட்கள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சடித்திருக்கும், அதைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டே வாங்கிப்போன கல்யாணப் புடவையை அந்தம்மா அடுத்த தீபாவளிக்கு வரும்போது "அந்த மாம்பழக் கலர் எவ்வளவு ராசி தெரியுமா" என்பார். "பிடிக்கலைன்னா ஒரு வாரத்தில் மாத்திக்கலாம்" என்று நாங்களே சொல்லி அனுப்பியவர்கள் மூன்றாம் நாளே வருவார்கள், மாற்றிக்கொண்டு போவார்கள், மறுபடி வருவார்கள். அவர்கள் முகத்தில் ஒரு நாளும் திருப்தி பார்த்ததில்லை.

ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன்: தானாகத் தேறுவது வேறு, அடுத்தவர் தேற்றித் தள்ளுவது வேறு. துக்க வீட்டில் மூன்றாம் நாளே "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்கிறவர்களைக் கில்பர்ட் பெயரைச் சொல்லி நியாயப்படுத்தாதீர்கள்.

லாட்டரி விழுந்தவரும், விபத்தில் நடமாட்டம் இழந்தவரும் ஒரே வருடத்தில் ஒரே அளவு சந்தோஷமாகிவிடுவார்களாமே?

இல்லை. இது மேடைப் பேச்சாளர்கள் பரப்பிய தப்பு. மூல ஆய்வு 1978-ல் பிரிக்மனும் சக ஆய்வாளர்களும் செய்தது, லாட்டரி விழுந்தவர்கள் 22 பேர், விபத்தில் கைகால் செயலிழந்தவர்கள் 29 பேர், இவ்வளவுதான் ஆட்கள். லாட்டரிக்காரர்கள் மற்றவர்களைவிடப் பெரிதாகச் சந்தோஷமாக இல்லை என்பது உண்மை. ஆனால் விபத்தில் சிக்கியவர்கள் தெளிவாகவே குறைந்த சந்தோஷத்தில் இருந்தார்கள், அந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை. 2020-ல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், பெரிய பரிசு விழுந்தவர்களின் வாழ்க்கைத் திருப்தி பத்து வருடத்துக்கு மேலும் உயர்ந்தே இருந்தது. ஜெர்மனியில் ஆயிரக்கணக்கானவர்களை வருடாவருடம் கேட்டுத் தொகுத்த தகவல்களில், வேலை போனவர்கள் மறுபடி வேலை கிடைத்த பிறகும் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை. மனம் நிறையத் தேற்றிக்கொள்ளும், எல்லாவற்றையும் இல்லை.

ரீல்ஸ் பார்த்தால் டோபமின் வருகிறது, டோபமின்தான் சந்தோஷம் என்கிறார்களே?

டோபமின் மூளையில் சுரக்கும் ஒரு ரசாயனம், அதற்கு வைத்த 'சந்தோஷ ரசாயனம்' என்ற பட்டப்பெயரை முதலில் கழற்ற வேண்டும். 1954-ல் கனடாவில் ஓல்ட்ஸ், மில்னர் இருவரும் எலிகளின் மூளையில் மின்கம்பி பொருத்தி, நெம்புகோலை அழுத்தினால் மின்தூண்டல் கிடைக்கும்படி வைத்தார்கள். அடுத்தடுத்த சோதனைகளில் சில எலிகள் மணிக்கு ஆயிரக்கணக்கான தடவை அழுத்தின. 'இன்ப மையம்' கிடைத்துவிட்டது என்று எல்லோரும் கொண்டாடினார்கள், அதில் டோபமினுக்குப் பங்கு உண்டு என்று தெரிந்ததும் அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அப்புறம் மிச்சிகனில் கென்ட் பெரிட்ஜ் என்பவர் டோபமின் கிட்டத்தட்ட முழுதாக இல்லாமல் செய்த எலிகளை ஆராய்ந்தார். அவை தாமாகப் போய்ச் சாப்பிடவே இல்லை, ஊட்டாவிட்டால் செத்துப்போகும். ஆனால் வாயில் சர்க்கரைத் தண்ணீர் விட்டால் வழக்கம்போலச் சப்புக்கொட்டி ரசித்தன. ரசனை அப்படியே இருக்கிறது, போனது வேட்கை.

அதாவது, வேண்டும் என்று இழுப்பதும், அனுபவித்து மகிழ்வதும் மூளையில் ஒன்றல்ல. இரவு ஒரு மணிக்கு ரீல்ஸைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும்போது உங்களையே கேளுங்கள், கடைசியாகப் பார்த்த பத்தில் எது பிடித்தது? பெரும்பாலும் ஒன்றும் ஞாபகம் வராது, ஆனால் விரல் நிற்காது. நடுவில் ஒரு நல்ல காமெடியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்து, அதை மச்சானுக்கு அனுப்பினீர்கள் என்றால் அது சந்தோஷம்தான், நான் இல்லை என்று சொல்லமாட்டேன்.

குடியில் வருவது?

முதல் டம்ளரில் வரும் தளர்ச்சி நிஜம். மறுநாள் காலையில் வரும் படபடப்பும் எரிச்சலும் அதன் மறுபாதி, மதுவால் அடங்கிய மூளை இறங்கும்போது எதிர்ப்பக்கம் துள்ளுகிறது. பழகப் பழக முதல் பாதி சுருங்கும், இரண்டாம் பாதி நீளும், கடைசியில் சந்தோஷத்துக்குக் குடித்த ஆள் நடுக்கம் நிற்கக் குடிப்பார். இதில் உண்மையா போலியா என்ற தத்துவமே அனாவசியம்.

எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், நான் மட்டும்தான் நடிக்கிறேன் என்று தோன்றுகிறது.

அவர்களுக்கும் உங்களைப் பார்த்து அப்படித்தான் தோன்றுகிறது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் 2011-ல் வெளியான ஆய்வொன்றில், சக மாணவர்கள் எவ்வளவு துன்பப்படுகிறார்கள் என்பதைப் பொதுவாகக் குறைத்தே மதிப்பிட்டார்கள். காரணம் எளிது: அழுவது அறைக்குள், சிரிப்பது பந்தியில். இப்போது அந்தப் பந்தி இருபத்து நாலு மணி நேரமும் கைப்பேசியில் நடக்கிறது. 2018-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில், சமூக வலைதளங்களை ஒவ்வொன்றும் நாளுக்குப் பத்து நிமிடம் என்று மூன்று வாரம் குறைத்துக்கொண்டவர்களுக்குத் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. சின்ன ஆய்வு, ஆனால் செலவில்லாமல் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடியது.

கண்ணாடி முன் நின்று "நான் சந்தோஷமாக இருக்கிறேன்" என்று தினமும் சொல்லச் சொன்னார்கள். சொல்லலாமா?

ஏற்கெனவே தன்மேல் நல்ல எண்ணம் இருப்பவர் சொன்னால் லேசான பலன், தன்னைத் தாழ்வாக நினைப்பவர் சொன்னால் இன்னும் மோசம். 2009-ல் கனடாவில் ஜோஆன் வுட் குழுவினர் கண்டது இது. வாய் ஒன்று சொல்ல, உள்ளே இருக்கும் குரல் "யாரை ஏமாற்றுகிறாய்" என்று எதிர்ப்பேச்சு பேசும், அதில் அந்தக் குரல்தான் ஜெயிக்கும். ஆயிரக்கணக்கில் ரூபாய் வாங்கிக்கொண்டு இதைச் சொல்லித்தரும் பயிற்சி முகாம்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு.

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டு வரும் சந்தோஷம் செயற்கையானதுதானே?

இந்தக் கேள்வியால் மாத்திரையை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன்: இல்லை. மனச்சோர்வுக்கான மாத்திரை போதை தருவதில்லை, நன்றாக இருக்கும் ஒருவர் விழுங்கினால் துள்ளிக் குதிக்கமாட்டார். கண்ணாடி போட்டதால் தெரியும் காட்சியைச் செயற்கை என்று யாரும் சொல்வதில்லை அல்லவா? டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்துவது மட்டும் கூடாது, தலைசுற்றல், பதற்றம் எல்லாம் வரும்.

வேண்டிய இன்பத்தையெல்லாம் தரும் ஒரு இயந்திரம் வந்தால் அதில் படுத்துக்கொள்வீர்களா?

இது அமெரிக்கத் தத்துவஞானி ராபர்ட் நோசிக் 1974-ல் கேட்டது. மூளையில் கம்பி பொருத்தி, நினைத்த வாழ்க்கையை வாழ்வதாகவே உணரச்செய்யும் இயந்திரம். வேண்டாம் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள், ஆகவே நமக்கு வேண்டியது வெறும் இன்பம் இல்லை, நிஜமும்தான் என்பது அவர் முடிவு. ஆனால் 2010-ல் ஃபெலிப்பே டி பிரிகார்ட் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: "நீ இத்தனை நாள் இருந்ததே இயந்திரத்துக்குள்தான், வெளியே வருகிறாயா?" இப்போது ஏறத்தாழப் பாதிப்பேர் உள்ளேயே இருக்கிறேன் என்றார்கள். எல்லோரும் நிஜத்தைத்தான் விரும்புகிறோம் என்பதில்லை, பழகிய வீட்டை விட்டுக் கிளம்பப் பிடிக்காததும் அதில் கலந்திருக்கிறது. நான் படுக்கமாட்டேன், காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை, அம்மா தனியாக இருப்பாள் என்றுதான் முதலில் தோன்றியது.

எதிலும் சந்தோஷமே வரவில்லை, சிரித்தால் யாரோ சிரிப்பது மாதிரி இருக்கிறது.

ஓரிரு நாள் அப்படி இருந்தால் விட்டுவிடலாம். இரண்டு வாரத்துக்கு மேல், பிடித்த சாப்பாடு, பிடித்த ஆள், பிடித்த பாட்டு எதுவும் உள்ளே போகவில்லை, தூக்கமும் கெட்டுப்போயிருக்கிறது என்றால் அது நடிப்பும் இல்லை, திமிரும் இல்லை, மனச்சோர்வாக இருக்கலாம், மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் எல்லாம் காத்திருக்காதீர்கள், இன்றைக்கே பேசுங்கள்.

கடைசியாக ஒன்று. போட்டோவில் மட்டும் என் சிரிப்பு ஏன் அசடு வழிகிறது?

"கொஞ்சம் சிரிங்க" என்று போட்டோக்காரர் சொல்லிவிட்டு, லென்ஸைத் திருகி, லைட்டை நகர்த்தி, குழந்தையை நேராக நிற்கவைத்து, படம் எடுப்பதற்குள் உங்கள் சிரிப்பு ஆறிப்போயிருக்கும். தாங்கிப் பிடித்த சிரிப்புக்கு அப்படித்தான் ஆகும். எங்கள் கடைக்கு விளம்பரப் படம் எடுக்க வந்த ஒருவர் ஒரு வித்தை வைத்திருந்தார். ஒன், டூ, த்ரீ சொல்லி க்ளிக் செய்வார், "ஓகே, முடிஞ்சுது" என்று கேமராவை இறக்குவார், எல்லோரும் அப்பாடா என்று பக்கத்து ஆளைப் பார்த்துச் சிரிக்கும்போது இடுப்பு உயரத்திலிருந்தே இன்னொன்று எடுத்துவிடுவார். அந்த இரண்டாவது படம்தான் கடை காலண்டரில் வந்தது. அதில் அந்த அக்கா சிரித்துக்கொண்டிருக்கிறார், நான் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன்.